ஏடும் காப்புப்படியும்

(சுருத பஞ்சமி விழாவில் ஆற்றப்பட்ட உரை)



நினைவில் மட்டும் தங்கியிருந்த ஆகமம் மறைந்துவிடுமோ என்று தரசேனாசாரியர் அஞ்சினார். அவரிடம் கற்ற புஷ்பதந்தரும் பூதபலியும் அதனை ஷட்கண்டாகமமாக நூல்வடிவில் அமைத்தனர். அதனைப் போற்றும் நாளே சுருத பஞ்சமி. ஆயினும், எழுதியதோடு காவல் முடிந்துவிடவில்லை. அந்நூலின் பழைய ஓலைச்சுவடிகள் பல நூற்றாண்டுகளாக மூடபித்ரியில் மட்டுமே எஞ்சியிருந்தன. அங்கே ஒரு தீ மூண்டிருப்பின் அனைத்தும் அழிந்திருக்கும். பத்தாம் நூற்றாண்டில் அத்திமப்பை என்னும் அம்மையார், பொன்னரின் சாந்திபுராணத்தை 1000 படிகள் எழுதுவித்து வழங்கினார். அது தானம் மட்டுமன்று, காவலும் ஆகும். நம் வளையாபதியோ சில பாடல்களாகவே எஞ்சியுள்ளது.

இன்று வணிகரின் ஏடு கணினியில் உள்ளது. ஓர் அரிசி ஆலையை எண்ணிப் பாருங்கள். நெல் தந்த உழவருக்குரிய தொகை, கடைக்காரர் தரவேண்டிய நிலுவை, தொழிலாளர் கூலி, ஜி.எஸ்.டி. கணக்கு ஆகிய அனைத்தும் ஒரே வட்டில் இருக்கும். அது பழுதானால் பிறர் பொருளின் கணக்கும் உடன் அழியும். கள்ளாமையை நோன்பாகக் கொண்டோர்க்கு இது சிறு செய்தியன்று.

ஆகவே காப்புப்படிக்கு, அதாவது பேக்கப்புக்கு, முன்கூட்டியே திட்டம் வேண்டும். முதலில் இரண்டு வினாக்கள். எத்தனை மணி நேரப் பதிவுகளை இழந்தால் மீண்டும் எழுதிக்கொள்ள இயலும்? அதற்கேற்பப் படியெடுக்கும் கால இடைவெளி அமையும். கணினி நின்றால் எவ்வளவு நேரத்தில் வேலை தொடரவேண்டும்? அதற்கேற்ப முறையும் செலவும் அமையும்.

அடுத்து, மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், அவற்றுள் ஒரு படி வேறிடத்தில் என்பது உலகெங்கும் கைக்கொள்ளப்படும் நெறி. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்தபோது, தரைத்தளத்தில் கணினிக்கு அருகிலேயே வைத்த படியால் யாருக்கும் பயன் விளைந்திராது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர், கணினியோடு இணைத்தே வைத்திருக்கும் வட்டையும் பூட்டிவிடும். எனவே படியெடுத்தபின் வட்டைக் கழற்றி வைத்தல் வேண்டும். தவறு பல நாள் கழித்தே தெரியவரலாம்; ஆதலின் நேற்றைய படியோடு சென்ற வாரப் படியும் மாதமுடிவுப் படியும் இருத்தல் நன்று.

எல்லாவற்றினும் முதன்மையானது, படியைத் திறந்து பார்த்தல். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பணியாளர் தவறுதலாகத் தரவுத்தளத்தை அழித்தார். ஐந்து வகைக் காப்பு முறைகள் இருந்தும் எதுவும் ஒழுங்காக இயங்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு படியே கைகொடுத்தது. இதனை அந்நிறுவனமே வெளிப்படையாக அறிவித்தது. சோதியாத படி, படியே அன்று.

கம்பெனிகள் எட்டு நிதியாண்டுக் கணக்குகளைப் பேணவேண்டும் என்பது சட்டம். மின்னணு ஏடுகளின் படி இந்தியாவிலுள்ள சர்வரில் நாள்தோறும் சேமிக்கப்படவேண்டும் என்பது 2022 முதல் விதி. சிறு கடைகளுக்கு அவ்விதி இல்லாவிடினும் தேவை உண்டு.

இப்பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். அவர் இல்லாத நாளுக்கு மற்றொருவரையும் பழக்குங்கள். மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் படியை மீட்டு, இருப்புத்தொகை ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். முன்னோர் ஏடுகளைக் காத்தனர். அக்காவல் இன்று நம் கணக்கேடுகளுக்கும் வேண்டும்.

அறம் வளர்க!