யவனரைப் பிணித்த சேரன்

(கணியம்பாடித் தமிழ்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உரோமரை நடுங்கவைத்த படைத்தலைவன் யார் என்று வகுப்பில் வினவினால், ‘அன்னிபால்’ என்று மாணவர் உடனே விடையிறுப்பர். அவன் கி.மு. 218இல் யானைகளுடன் ஆல்ப்சு மலையைக் கடந்தான், கி.மு. 216இல் கன்னேக் களத்தில் உரோமப் பெரும்படையை வளைத்து அழித்தான், கி.மு. 202இல் சாமாவில் தோற்றான். பிறநாட்டு வரலாறு கற்பது நன்றே. ஆயின், யவனரைப் பிணித்த தமிழ்வேந்தன் யார் என்று கேட்டால் அதே மாணவர் வாய்திறவார். அது பிள்ளைகள் குற்றமன்று. கற்பிக்கும் எம்போன்றோர் குற்றம்.

அவ்வேந்தன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன். பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்து அவன்மேல் குமட்டூர்க் கண்ணனார் பாடியது. கடல்நடுவே தீவில் வாழ்ந்த பகைவரின் காவல்மரமாகிய கடம்பை வெட்டி முரசு செய்தவன் அவன். அப்பத்தின் பதிகம் வேறொரு செய்தியும் தருகிறது. இனிமையற்ற வன்சொல் வழங்கும் யவனரைப் பிணித்து, தலையில் நெய் பெய்து, கைகளைப் பின்கட்டி, விலையுயர்ந்த அணிகலனும் வயிரமும் அவரிடமிருந்து கொண்டான் என்பதே அது.

யவனர் என்போர் யார்? முதலில் கிரேக்கரையும், பின்னர் உரோமப் பேரரசிலிருந்து வந்த மேலையோர் அனைவரையும் குறித்த பெயர் அது. கி.மு. 30இல் எகிபது உரோமர் கைப்பட்டபின், அவர்தம் கலங்கள் பருவக்காற்றைத் துணைக்கொண்டு முசிறிக்கு மிகுதியாக வந்தன. பொன்னொடு வந்து மிளகொடு மீண்டதை அகநானூறு கூறும். வழியில் கடற்கொள்ளையர்க்கு அஞ்சி, வில்வீரரையும் கலத்தில் ஏற்றி வந்தனர் என்று உரோம அறிஞர் பிளினி எழுதினார். எனவே, வந்தவர் வெறுங்கை வணிகர் மட்டுமல்லர். படைக்கலம் ஏந்தியோரும் உடன் வந்தனர்.

இவ்விடத்தில் ஒன்று சொல்வேன், சினவாது கேளுங்கள். நம் மேடைகளில் சிலர், ‘சேரன் உரோமப் பேரரசையே வென்றான்’ என்று முழங்குகின்றனர். அது வேண்டா. பதிகம் போர் நிகழ்ந்த இடமும் கூறவில்லை, படைத்தொகையும் கூறவில்லை. பதிகங்களோ பாடல்களுக்குப் பின் சேர்க்கப்பட்டவை. உரோமப் பேரரசன் தமிழகத்தின்மேல் படைவிடுத்தான் என்பதற்குச் சான்றில்லை. இல்லாததை ஏற்றிச் சொன்னால், உள்ளதையும் பகைவர் பொய்யென்று தள்ளுவர். மிகைக்கூற்று தமிழுக்கு அரணன்று. அரணில் விழும் ஓட்டை.

உள்ளதே நமக்குப் போதும். தமிழகம் யவனரை வெறுத்து ஒதுக்கவில்லை. அவர் தந்த தேறலைப் புறநானூறு பாடுகிறது. அவர் செய்த பாவைவிளக்கை நெடுநல்வாடை காட்டுகிறது. வேந்தன் பாசறையில் அவர் காவல் நின்றதை முல்லைப்பாட்டு உரைக்கிறது. வணிகராய் வந்தார்க்குத் துறைமுகம் திறந்தது. பணிசெய்ய வந்தார்க்கு வேலை கிடைத்தது. பகைத்தார்க்குக் கை கட்டப்பட்டது. வேற்றவனோடு எவ்வாறு பழகுவது என்பதற்கு இதனினும் தெளிந்த நெறி வேறென்ன வேண்டும்?

நம் வட்டாரத்தையே பாருங்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதப்படுத்திய தோல் இன்றும் மேலைநாடுகளுக்குக் கப்பலேறுகிறது. அன்று மிளகு, இன்று தோல். பொருளை விற்போம், அதில் இழிவில்லை. ஆனால், வாங்குவோன் மொழியே உயர்ந்தது, நம் மொழி வீட்டுக்குள் மட்டும் போதும் என்று எண்ணி, கடைப்பெயரிலும் பிள்ளைப் பெயரிலும் தமிழைத் துறக்கிறோமே, அதுதான் இழிவு. சேரன் யவனர் கைகளைக் கட்டினான். நாமோ நம் நாவை நாமே கட்டிக்கொள்கிறோம்.

பதிற்றுப்பத்தை உ.வே. சாமிநாதர் 1904இல் பதிப்பித்தார். ஒளவை சு. துரைசாமியார் விளக்கவுரையும் எழுதியளித்தார். ஆகவே, கிடைக்கவில்லை என்று சொல்ல நமக்கு வாயில்லை. இவ்வாரமே இரண்டாம் பத்தை வீட்டில் திறந்து, பிள்ளைகளை அருகமர்த்திப் படியுங்கள். அடுத்த முறை வகுப்பில் நான் அவ்வினாவை எழுப்பும்போது, ஒரு பிள்ளையேனும் எழுந்து ‘நெடுஞ்சேரலாதன்’ என்று சொல்லட்டும்.

வெல்க தமிழ்!