தலைக்கணக்கும் கட்சிக்கணக்கும்

(நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஜனங்களின் இனவிகிதம் மாறிவருவதையும், அதனைக் கொண்டு ஆங்குள்ள முற்போக்காளர் வளர்த்த நம்பிக்கை என்னவாயிற்று என்பதையும் குறித்துச் சிறிது பேசப் புகுந்தோம். கடல் கடந்த சேதி நமக்கெதற்கு என்பாருமுளர். ஜனசங்கியைக் கணக்கு எடுக்குந்தோறும் தத்தம் தலைகளை எண்ணிக் களிக்கும் சங்கத்தார்க்கு இது அந்நியமன்று என்பதே நம் விடை.

வட ஐரோப்பியர்க்கே சாதகமாயிருந்த குடியேற்ற விதி 1965-ம் வருஷத்தில் நீக்கப்பட்டது. ஆசியர் பெருகினர், மெக்ஸிகோ முதலிய அண்டை நாட்டாரும் பெருகினர். 1980-ல் நூற்றுக்கு 80 பேரளவாயிருந்த வெள்ளையர், 2020-ம் வருஷக் கணக்கில் 58 பேரளவாயினர். இப்போக்கைக் கண்டே ஜூடிஸ், டெய்க்ஸீரா என்னும் இருவர், டெமாக்ரடிக் கட்சிக்கு நிலைத்த பெரும்பான்மை உதயமாகின்றதென 2002-ல் ஒரு நூல் வெளியிட்டனர். வெள்ளைத் தொழிலாளர் ஆதரவும் வேண்டுமென அந்நூலிலேயே எழுதியிருந்தனர். படித்தவர் அதனை மறந்தனர். எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டனர். 2008-ல் ஒபாமா வென்றதும் அந்நம்பிக்கை வேரூன்றிற்று.

கலிபோர்னியாவும் அதற்குச் சாட்சி கூறியது. அனுமதியின்றிக் குடியேறியவர்க்குக் கல்வி, வைத்தியம் முதலியவற்றை மறுக்கும் பிரேரணை 1994-ல் ஆங்கு ஜனவாக்கால் நிறைவேறிற்று. அதனை முன்னின்று ஆதரித்தது ரிபப்ளிகன் கட்சி. மனம் புண்பட்ட ஸ்பானிய வமிசத்தார் பல்லாயிரவர் பிரஜைகளாகப் பதிந்து எதிர்க்கட்சிக்கு வோட்டளித்தனர். கவனியுங்கள்: அவர்களை ஒன்றுசேர்த்தது பிறப்பன்று, பட்ட அவமதிப்பு.

இனி டெக்ஸாஸ் மாகாணத்து ஸ்டார் ஜில்லாவைப் பார்ப்போம். மெக்ஸிகோ எல்லையிலுள்ளது, வாசிகளில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் ஸ்பானிய வமிசத்தார். 1896 முதல் 2020 வரை ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலிலும் டெமாக்ரடிக் கட்சிக்கே அந்த ஜில்லா வாக்களித்தது. 2012-ல் ஒபாமாவுக்கு நூற்றுக்கு 86 வோட்டு. 2020-ல் பைடனுக்கு 52. 2024-லோ டிரம்புக்கு 57-க்கு மேல்! அதே ஜனங்கள், அதே பாஷை. எல்லைக் காவலிலும் எண்ணெய்க் கிணற்றிலும் ஜீவனம் செய்வோர் ஆங்குப் பலர். தலைமுறை தலைமுறையாய் அம்மண்ணில் வாழ்பவர் தம்மைக் குடியேறியவராய் நினைப்பதேயில்லை. பண்டங்களின் விலையேற்றம் அவர்களையும் வருத்திற்று. அத்தேர்தலில் தோற்ற கமலா ஹாரிஸ் அம்மையாரின் தாய்வழிப் பாட்டனார் ஊராகிய துளசேந்திரபுரத்தில் பூஜை நடந்ததை நம்மவர் அறிவர். ஸ்டார் ஜில்லாவாசிக்கு அதனால் ஆவதென்ன?

மற்றொன்று. 2015-ல் மணம்புரிந்த அமெரிக்கருள் ஆறில் ஒருவர் வேறினத்தாரை மணந்தனர். அவர்தம் மக்கள் எக்கணக்கில் சேர்வர்? ரிச்சர்ட் ஆல்பா என்னும் அறிஞர், சிறுபான்மையோரே பெரும்பான்மையாவர் என்பது எண்ணும் முறையால் விளைந்த மயக்கமென 2020-ல் வாதித்தார். நமக்கும் அது பெரிதும் பொருத்தமாகவே தோன்றுகிறது.

எண்ணிக்கை காட்டி உரிமை கேட்டல் நியாயமே. ஆயின் அதனைப் பறைசாற்றுவதில் அபாயமுமுண்டு. வெள்ளையர் சிறுபான்மையாவர் என்னும் சேதியைப் படித்த மாத்திரத்தில், எக்கட்சியையும் சாராத வெள்ளையரும் ரிபப்ளிகன் பக்கம் சாய்ந்ததை கிரெய்க், ரிச்சசன் என்னும் மாதரிருவர் 2014-ல் சோதித்துக் காட்டினர். நண்பர் பெருகுவரென முழங்கியவர், எதிரியையும் கூட்டினர்.

ஜூடிஸும் டெய்க்ஸீராவும் 2023-ல் மீண்டும் ஒரு நூல் எழுதினர். டெமாக்ரடிக் கட்சியார் எங்கே போயினர் என்பதே அதன் தலைப்பிலுள்ள கேள்வி.