முதல் காசு லென்ஸுக்கே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கம்பெனி விட்டதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கும் ஆம்பூர்ப் பெருமக்களே!

பறவைப் படம் எடுக்கச் சேர்த்து வைத்த காசை முதலில் எதில் போடுவது? கேமரா பாடியிலா, லென்ஸிலா? பாடியை செகண்ட் ஹேண்டில் பழையதாக வாங்கிக்கொள், மிச்சத்தை எல்லாம் லென்ஸில் போடு. இதுதான் எங்கள் கட்சி.

எதிரணித் தலைவர் நன்றாகப் பேசினார். இன்றைய மிரர்லெஸ் பாடி பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கிறது, நொடிக்கு 20 படம் எடுக்கிறது என்றார். பிடிக்கிறது ஐயா, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் கம்பியில் உட்கார்ந்திருக்கும் பஞ்சுருட்டானே கடுகளவாக உள்ளே விழுந்தால், பாடி எந்தக் கண்ணைத் தேடும்? 300 எம்எம் லென்ஸைக் கழற்றிவிட்டு 600 எம்எம் மாட்டுங்கள். பறவை நீளத்தில் இரண்டு மடங்கு, அகலத்தில் இரண்டு மடங்கு. நான்கு மடங்கு புள்ளிகள் அதன் மேல் விழும். 20 மெகாபிக்சல் பாடியில் அந்த லென்ஸ் காட்டும் இறகை, 300 எம்எம்மை வைத்துக்கொண்டே காட்ட வேண்டுமானால், அதே அளவு சென்சாரில் 80 மெகாபிக்சல் வேண்டும். கிராப் சென்சார் போட்டால் 1.5 மடங்கு கிட்டே வருமே என்று கேட்டார் எதிரணிச் சகோதரி. கிட்டே வருவதில்லை, ஓரம் வெட்டுப்படுகிறது. புள்ளிகள் நெருக்கமாக இருப்பதால் பறவைக்குக் கொஞ்சம் லாபம் உண்டு. அதனால்தான் பழைய கிராப் பாடியே போதும் என்கிறோம்.

ஆனால் நான் இந்தக் கட்சிக்கு வந்தது கணக்கைப் பார்த்து அல்ல. பாலாற்றில் ஒரு ஆள்காட்டிப் பறவையைப் பார்த்து வந்தேன்.

ஆள்காட்டி கூடு கட்டாது. ஆற்றுப் படுகையில் கூழாங்கல் கிடக்கும் இடத்தில் லேசாகக் குழித்து, பெரும்பாலும் நான்கு முட்டை இடும். மண் நிறத்தில் கறுப்புத் திட்டுகள். கூர்முனை நான்கும் உள்பக்கம் பார்த்திருக்கும். காலடிக்கு வரும்வரை கல் எது, முட்டை எது என்று தெரியாது. அப்போது என்னிடம் இருந்தது புதுப் பாடி, கூடவே பெட்டியில் வந்த சின்ன லென்ஸ். படம் பெரிதாக வர வேண்டுமே என்று குனிந்து குனிந்து கிட்டே போனேன். தாயும் தகப்பனும் தலைக்கு மேல் கத்திச் சுற்றின. நான் இருந்த நேரம் முழுக்க முட்டைகள் சித்திரை வெயிலில் கிடந்தன. அந்தப் பறவை தண்ணீரில் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்கார்ந்து சூட்டைத் தணிக்கும் என்று பிறகுதான் படித்தேன். படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வருஷம் பாடியை விற்றேன். பழைய பாடி ஒன்றும் 500 எம்எம் லென்ஸும் வாங்கினேன். எதிர்க்கரைக் கருவேல மரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். பறவை ஒரு சத்தம் போடவில்லை. குட்டையில் இறங்கியது, வயிற்றை நனைத்தது, சொட்டச் சொட்ட நடந்து வந்து முட்டை மேல் உட்கார்ந்தது. அந்தச் சொட்டு என் படத்தில் இருக்கிறது. நான் காசு கொடுத்து வாங்கியது அந்த எட்ட நிற்கும் தூரத்தை, நடுவர் அவர்களே. எந்தப் பாடியும் அதைத் தராது.

பாடி எவ்வளவு காலம் நிற்கும்? கேனன் 400 எம்எம் எஃப் 5.6 லென்ஸ் 1993-இல் வந்தது. அன்று பிலிம். 2000-இல் சுமார் 3 மெகாபிக்சல் டி30 பாடியில் அதே லென்ஸை மாட்டினார்கள். 2014-இல் 7டி மார்க் 2. இன்று அடாப்டர் போட்டு மிரர்லெஸ்ஸில் மாட்டுகிறார்கள். பாடிகள் வந்து போய்க்கொண்டே இருக்கின்றன, லென்ஸ் இன்னும் பறவை பிடிக்கிறது.

நம் மாவட்டத்துக் காவலூருக்கே வாருங்கள். அங்கே 1986-இல் திறந்த வைணு பாப்பு தொலைநோக்கியில் லென்ஸின் வேலையைச் செய்வது 2.34 மீட்டர் ஆடி. தொடக்கத்தில் போட்டோ தகட்டில் படம் எடுத்தார்கள், பிறகு சிசிடி என்ற டிஜிட்டல் சென்சார் வந்தது. ஒளியை வாங்கும் ஆடி அதேதான். பாடி எதுவானாலும் லென்ஸ் தனி என்பதற்கு மா. கிருஷ்ணனை நினைத்துப் பாருங்கள். 1912-இல் பிறந்து 1996 வரை வாழ்ந்த நம் காட்டுயிர் எழுத்தாளர். ஒரு கம்பெனி பாடியில் வேறொரு கம்பெனி டெலி லென்ஸைப் பொருத்தி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பேரும் வைத்துக் காட்டுக்குள் தூக்கிப் போனார்.

முதல் பொருள் நன்றாக இருக்க வேண்டும் என்பதை ஆம்பூருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. டேனரியில் தோலைத் தரம் பிரிக்கும் பெரியவர் வெளிச்சத்தில் விரித்து உள்ளங்கையால் தடவுவார். உண்ணிக் கடியா, கத்தி பட்டதா, அங்கேயே தெரிந்துவிடும். தோல் சரியில்லை என்றால், பிறகு எந்த நாட்டு மிஷினில் தைத்தாலும் ஷூ சரியாக வராது.

லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்று கடைசியாகப் பேசியவர் பயமுறுத்தினார். பிடிக்கும். வாங்கும்போதே பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் போல உள்ளே தெரிந்தால் தொடாதீர்கள். வாங்கிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அதற்கு நாம் அலைய வேண்டுமா? ஏற்றுமதி ஷூ டப்பாவில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடும் அதே சின்னப் பொட்டலம்தான். என் லென்ஸ் டப்பாவை இன்று கொண்டுவந்திருக்கிறேன், டார்ச்சும் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வாருங்கள், உள்ளே பாருங்கள்.