விட்ட கோல்களும் தடுத்த கோல்களும்

(பனமரத்துப்பட்டி ஒன்றிய ஆசிரியர்கள் கூட்டத்தில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுக்கப்பட்ட நேரம் பதினைந்து நிமிடம். அதில் ஒரே ஒரு மனிதரைப் பற்றிப் பேசுகிறேன். இந்திய ஹாக்கி அணியின் கோல்கீப்பராக 336 பன்னாட்டு ஆட்டங்கள் ஆடி, 2024இல் ஓய்வு பெற்ற பி.ஆர். ஸ்ரீஜேஷ்தான் அவர். செய்தித்தாளில் நீங்கள் படித்த பெயர்தான். ஆனால் அவருடைய வாழ்க்கையை ஓர் ஆசிரியரின் கண்ணால் பார்த்தால் வேறு சில செய்திகள் தெரிகின்றன.

நம் பள்ளிகளில் கோல் கம்பத்துக்கு நடுவில் யாரை நிறுத்துகிறோம்? மைதானத்தில் பிள்ளைகளே அணி பிரிக்கும்போது கவனித்துப் பாருங்கள். வேகமாக ஓடுபவன் முன்னால் போவான். நன்றாக உதைப்பவன் நடுவில் நிற்பான். யாரும் கூப்பிடாமல் மிஞ்சி நிற்கும் பிள்ளையிடம், "நீ போய் கோலில் நில்லுடா" என்பார்கள். அவன் பத்துப் பந்தைத் தடுத்தாலும் யாரும் கை தட்டுவதில்லை. ஒரு பந்து உள்ளே போய்விட்டால் போதும், "இவனாலதான் தோத்தோம்" என்று மொத்த அணியும் திரும்பிப் பார்க்கும்.

ஸ்ரீஜேஷ் 1988இல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் கிழக்கம்பலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பன்னிரண்டாவது வயதில் திருவனந்தபுரத்தில் உள்ள ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தார். ஹாக்கி மட்டையைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அவர் குறுவிரைவு ஓட்டம் ஓடினார், நீளம் தாண்டினார், கைப்பந்து ஆடினார். ஹாக்கிக்கு வந்த பிறகு, கோல்கீப்பராக நின்று பார்க்கச் சொன்னவர் பள்ளியின் பயிற்சியாளர். அதாவது அந்தப் பையனுக்குரிய இடம் நான்காவது முயற்சியில்தான் கிடைத்தது. முதல் மூன்றிலும் அவன் தேறவில்லை என்று யாராவது பதிவேட்டில் எழுதி மூடியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

கோல்கீப்பருக்குத் தலைக்கவசம், மார்புக் கவசம், கால் காப்பு, கையுறை என்று ஏகப்பட்டவை வேண்டும். ஹாக்கிப் பந்தின் எடை சுமார் 160 கிராம். அது கல்போல வரும். கவசம் இல்லாமல் யாரையும் நிறுத்த முடியாது. மகனுக்கு அவற்றை வாங்கிக் கொடுக்கத் தந்தை வீட்டுப் பசுவை விற்றார். மாட்டை விற்பது என்றால் என்னவென்று இந்த ஊரில் விளக்க வேண்டியதில்லை. விடியும் முன்னே அரளி மொட்டு பறிக்கப் போய்விட்டு, வந்ததும் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றும் குடும்பங்களின் பிள்ளைகள்தான் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படி ஒரு தகப்பன் மாட்டை விற்கத் துணிகிறார் என்றால், "உங்கள் பையனிடம் ஏதோ இருக்கிறது" என்று சொன்ன பள்ளியின் வார்த்தையை நம்பித்தான். நம் வார்த்தைக்கு அவ்வளவு விலை இருக்கிறது. அதை அளந்து சொல்லவும் வேண்டும், சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விடவும் கூடாது.

2006இல், பதினெட்டு வயதில், கொழும்பில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் முதன்முதலாக இந்திய மூத்தோர் அணிக்காக ஆடினார். அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அணியில் நிலையான இடம் பிடிக்க 2011 வரை காத்திருந்தார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அவர் இடம்பெற்ற இந்திய அணி ஓர் ஆட்டத்தில்கூட வெல்லாமல், 12 அணிகளில் 12ஆவதாக வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2014இல் இன்சியான் ஆசிய விளையாட்டுப் போட்டி இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை ஷூட் அவுட்டில் வென்று, 16 ஆண்டுகளுக்குப் பின் இந்தியா தங்கம் பெற்றது. அன்று எதிரணியின் இரண்டு முயற்சிகளைத் தடுத்தவர் ஸ்ரீஜேஷ். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அவரே அணித்தலைவர். 2017இல் முழங்காலில் பலத்த காயம். மாதக்கணக்கில் மைதானத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார்.

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

2021 ஜூலை 25. டோக்கியோ ஒலிம்பிக். இந்தியாவுக்கு எதிராக ஆஸ்திரேலியா 7 கோல் போட்டது. நாம் போட்டது 1. கோல் கம்பத்தில் நின்றவர் ஸ்ரீஜேஷ். நம் கணக்குப்படி இது படுதோல்வி. முன்னேற்ற அறிக்கையில் சிவப்பு மையில் எழுதி, பெற்றோரை அழைத்து வரச் சொல்லும் மதிப்பெண். ஆனால் அடுத்த ஆட்டத்திலும் பயிற்சியாளர் அவரையே நிறுத்தினார். அந்த ஆட்டத்தில் ஸ்பெயினால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை.

தோல்விக்குப் பதினோராம் நாள், ஆகஸ்ட் 5, வெண்கலப் பதக்கத்துக்காக ஜெர்மனியுடன் ஆட்டம். 1-3 என்று பின்தங்கியிருந்த இந்தியா 5-3 என்று முன்னேறியது. ஜெர்மனி இன்னொன்று போட்டு 5-4 ஆக்கியது. ஆட்டம் முடியச் சில வினாடிகள் இருக்கும்போது ஜெர்மனிக்கு ஒரு பெனால்டி கார்னர். அந்தப் பந்தை ஸ்ரீஜேஷ் தடுத்தார். 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஹாக்கியில் இந்தியாவுக்கு ஒலிம்பிக் பதக்கம். கோல் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்த அவருடைய படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். அவருடைய வாழ்க்கையின் பெரிய நாளாக நாடு நினைவில் வைத்திருக்கும் அந்த நாளில் அவர் 4 கோல் விட்டிருக்கிறார். அந்த ஒலிம்பிக்கின் எட்டு ஆட்டங்களையும் சேர்த்தால் இந்தியாவுக்கு எதிராக 23 கோல் விழுந்திருக்கிறது. விட்டதை மட்டும் எண்ணினால் அவர் பலவீனமான கோல்கீப்பர். நான்காவது கோல் விழுந்த பிறகும் அடுத்த பந்துக்குத் தயாராக நின்றதால்தான் பதக்கம் வந்தது.

நம் வகுப்பறையிலும் கோல் கம்பத்தில் நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாசிப்பில் திக்கும் பிள்ளை, வாய்ப்பாடு சொல்லும்போது ஏழில் நின்றுவிடும் பிள்ளை. இவர்களுடைய தவறு எல்லோர் முன்னிலையிலும் நடக்கிறது. தவறின்றி வாசித்த பத்துச் சொற்கள் யாருக்கும் கேட்பதில்லை. பதினோராவது சொல்லில் வகுப்பே சிரிக்கிறது. மறுநாள் அந்தப் பிள்ளை கை தூக்குமா என்பது, அன்று நாம் என்ன செய்தோம் என்பதைப் பொறுத்தது. ஒரு தவறுக்குப் பிறகு அதே பிள்ளையிடம், அதனால் சொல்ல முடிகிற இன்னொரு கேள்வியை உடனே கேளுங்கள். அதுதான் அந்தப் பிள்ளைக்கு நாம் கொடுக்கும் அடுத்த பந்து.

வளரறி மதிப்பீட்டுக் குறிப்பில் தெரியாதவற்றை எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும். பக்கத்திலேயே ஒரு வரி, இந்த வாரம் இந்தப் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டது என்றும் எழுதினால், அடுத்த ஆண்டு வகுப்பேற்கும் ஆசிரியருக்கு அது பெரிய உதவி.

என் பாடத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தேர்வு நெருங்கினால் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அவசரம் புரிகிறது. ஆனால் வகுப்பறையில் இடம் கிடைக்காத பிள்ளைக்கு அந்த நாற்பது நிமிடம்தான் பள்ளிக்கு வரும் காரணம். ஓட்டத்தில் பின்தங்கும் பிள்ளையைக் குண்டு எறியச் சொல்லிப் பார்க்கவும், கபடியில் சோபிக்காதவனைக் கைப்பந்தில் நிறுத்திப் பார்க்கவும் பாடவேளை வேண்டும். கோல்கீப்பரைச் சுழற்சி முறையில் மாற்றுங்கள். நன்றாக ஆடுபவனும் ஒரு நாள் அங்கே நின்று பார்க்கட்டும். அதற்குப் பிறகு "உன்னாலதான் தோத்தோம்" என்ற பேச்சு தானாகக் குறையும். திறமை தெரியும் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளைப் பற்றி நாம்தான் சொல்ல வேண்டும். வேறு யாரும் சொல்லப்போவதில்லை. நம் சேலம் மாவட்டத்தின் பெரியவடகம்பட்டியிலிருந்துதான் மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார் என்பதைப் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்லுங்கள்.

ஸ்ரீஜேஷ் 2024 பாரீஸ் ஒலிம்பிக்கோடு ஓய்வு பெற்றார். காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 40 நிமிடத்துக்கும் மேல் பத்துப் பேருடன் ஆடி, ஷூட் அவுட்டில் வென்றார்கள். கடைசியில் ஸ்பெயினை 2-1 என்று வீழ்த்தி மீண்டும் வெண்கலம். அவர் அணிந்த 16ஆம் எண் சட்டையை மூத்தோர் அணியில் இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஹாக்கி இந்தியா அறிவித்தது.

பிறகு அவர் இளையோர் அணிக்குப் பயிற்சியாளரானார். 2025இல் சென்னையிலும் மதுரையிலும் நடந்த இளையோர் உலகக் கோப்பையில், வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அவருடைய பிள்ளைகள் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்தார்கள். முடிவில் 4-2 என்று வென்றார்கள். ஏழு கோல் விட்ட பிறகும் தன்னை நிறுத்திவைத்த ஒருவரிடம் ஆடியவர், அன்று பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்றார்.

நாளை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கடைசி வரிசையில் ஒரு பிள்ளை நிற்கும். அந்தப் பிள்ளைக்கு இன்னும் எத்தனை முயற்சி கொடுத்துப் பார்க்கலாம் என்று நாம் ஒவ்வொருவரும் யோசிப்போம்.