கல்லமேட்டில் கரைந்த எலும்பு

வரவேற்புரை சொன்னவர் ஒரு பெயரையும் விடவில்லை. அதனால் நன்றி சொல்லும் வேலை எனக்கு மிச்சம். நேராக போர் லாரிக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அம்பத்தூரில் என் வீட்டில் போர் போட்டோம். முதலில் செம்மண், பிறகு மணல், அதற்குப் பிறகு நூறு அடி தாண்டியதும் கரும்பச்சையாக ஒரு களி வர ஆரம்பித்தது. லாரிக்காரர் முகம் சுருங்கிவிட்டது. "சார், கருங்களி வந்துடுச்சு. இனிமே தண்ணி தேறாது. நிறுத்திடலாமா?" என்றார். நான் கை நிறைய அந்தக் களியை அள்ளிக்கொண்டு திண்ணையில் செய்தித்தாள் விரித்துக் காயவைத்தேன். இரண்டு நாளில் அது வெற்றிலைக் கட்டு பிரிவதுபோல் ஏடு ஏடாகப் பிரிந்தது. என் மனைவி எட்டிப் பார்த்து, "இதையாவது வெளியிலேயே வைங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஏடுகளுக்கு வயது பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல். மேல் கோண்டுவானாப் பாறைகள் என்று நாம் வகுப்பில் சொல்லும் அடுக்கு அது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தரையிலேயே தலைகாட்டும். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் வண்டலுக்கும் செம்புறைக்கும் கீழே பதுங்கிக் கிடக்கும். அத்திரம்பாக்கத்தில் ஆதி மனிதர்களின் கைக்கோடரிகளுக்கு அடியில் படுத்திருக்கும் களிப்பாறைக்கு ஆவடியின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. டாங்கித் தொழிற்சாலைக்குப் பெயர் போன ஊர், கிரெட்டேசியக் காலப் பாறை ஒன்றுக்கும் பெயர் கொடுத்திருக்கிறது என்பது ஆவடிக்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1863 இல் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்தான் இந்தப் பாறைகளையும் நடந்து நடந்து வரைபடமாக்கி 1873 இல் அறிக்கை எழுதினார். அவரைத் தொல்லியல்காரர்கள் தமக்கு மட்டுமே உரிமை கொண்டாடுவதில் எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. அவர் நம் ஆள், நிலவியல்காரர்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பாறைகள் பெயர் பெற்றது ப்டிலோஃபில்லம் போன்ற செடிகளின் இலைப் பதிவுகளுக்காக. ஆனால் மாணவர்கள் கேட்பது இலையை அல்ல. "சார், டைனோசர்?" என்கிறார்கள். அதற்கு எழும்பூரில் ரயிலேறி நாலு மணி நேரம் போக வேண்டும்.

அரியலூர், பெரம்பலூர் மண் ஒரு காலத்தில் கடல். காரை கிராமத்துச் செம்மண் ஓடைகளில் நடந்தால் செருப்புக்கு அடியில் பெலம்னைட் என்ற கடலுயிரியின் கல்படிவம் நொறுங்கும். அந்த வட்டாரத்தில் கிடைத்த முதுகெலும்புத் துண்டுகளை வைத்து 1879 இல் ரிச்சர்ட் லைடெக்கர் கடல்வாழ் ஊர்வன ஒன்றுக்கு இக்தியோசாரஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார். மீனின் உடல்வாகு, ஆனால் மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டிய பிராணி. பிறகு கடல் விலகி ஆறுகள் ஓடின. அந்த ஆற்று மண்ணில்தான் கல்லமேடு இருக்கிறது. அங்கே டைனோசர் எலும்புகளைத் தேடி 1929 இல் கட்டுரை எழுதிய மேட்லி, அரசின் கணக்கு வழக்குப் பணியில் இருந்தவர்.

இனி, நான் பேச வந்த விஷயம். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த பி. யாதகிரியும் கே. அய்யாசாமியும் கல்லமேட்டில் கண்ட எலும்புகளை விவரித்து, பிருஹத்காயோசாரஸ் மேட்லியை என்று பெயரிட்டார்கள். ஆண்டு 1987. பெருத்த உடம்பு என்று பொருள், அந்தக் கணக்குக்காரருக்கு மரியாதையும் சேர்த்து. கணைக்கால் எலும்பின் நீளம் 2 மீட்டர். என் உயரத்தைவிட அதிகம். உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றென்று பேசப்படும் அர்ஜென்டினோசாரஸுக்கு அதையொட்டிய எலும்பு 1.55 மீட்டர்தான். முதலில் இதை ஊனுண்ணி என்றார்கள். பிறகு தொல்லுயிரியலாளர் சங்கர் சாட்டர்ஜி, இது நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்றார். இன்று அதுவே ஏற்கத்தக்கதாக இருக்கிறது. அண்மையில் 100 டன்னுக்கு மேல் எடை கணக்கிட்டு, நீலத் திமிங்கிலத்தோடு நிறுத்திப் பார்க்கிறார்கள்.

ஆனால் அந்த எலும்பு எங்கே? இல்லை. அருங்காட்சியகம் வந்து சேரும் முன்பே, சுற்றியிருந்த சாந்துக் கட்டுக்குள்ளேயே பொடிந்துபோனது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு கட்டைக் கட்டிப் பாருங்கள். எலும்பைச் சுற்றி அகழி வெட்டுவீர்கள். காளானைப்போல ஒரு மண் தண்டின் மேல் எலும்பு நிற்கும். நனைத்த காகிதத்தை மேலே ஒட்டி, பாரிஸ் சாந்தில் முக்கிய சாக்குத் துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுவீர்கள். காய்ந்ததும் தண்டை அறுத்துப் புரட்ட வேண்டும். புரட்டும் அந்த ஒரு நொடிதான் உயிர் போகிற நொடி. கல்லமேட்டு எலும்பு கல்லாக இறுகாதது, நிறைய விரிசல் உள்ளது. சுற்றிலும் களி. மழை பெய்தால் களி உப்பும், வெயிலில் சுருங்கும், ஒவ்வொரு முறையும் எலும்பை ஒரு சிட்டிகை உடைக்கும். வெளியே கட்டு பத்திரமாக இருக்கும், உள்ளே எலும்பு மாவாகும். இதைக் கண்டவர்களின் குறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வெயிலில் 2 மீட்டர் எலும்பைத் தூக்கியவர்களுக்குத்தான் அது தெரியும்.

எலும்பு போனதும் வதந்தி வந்தது. அது எலும்பே அல்ல, கல்லான மரத்துண்டு என்றார்கள் சிலர். முழுக்கக் கேலியும் அல்ல, பக்கத்தில் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறதே! 2022 இல் பால் என்ற ஆய்வாளரும் அய்யாசாமியும் அதுவரை வெளிவராத பழைய புகைப்படங்களை வெளியிட்ட பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது. ஆயினும் புகைப்படத்தை வெட்டி நுண்ணோக்கியில் வைக்க முடியாது. 100 டன் என்பது சரியா தப்பா என்று இனி யாரும் அளந்து பார்க்க முடியாது.

யாதகிரியும் அய்யாசாமியும் 1979 இல் பெயரிட்ட திராவிடோசாரஸின் கதை நேர் எதிர். முதுகில் தகடு பதித்த ஸ்டெகோசார் வகை என்றார்கள். அந்த வகை ஏறக்குறைய அழிந்துபோன காலத்தில் தெற்கே ஒன்று தப்பிப் பிழைத்ததாக அர்த்தம். 1996 இல், டைனோசரே அல்ல, கடலில் துடுப்பு போட்ட பிளீசியோசார் என்று மறுத்தார்கள். சண்டை இன்னும் முடியவில்லை. ஆனால் அது நடக்கிற சண்டை. எலும்பு அலமாரியில் இருக்கிறது, எவரும் போய்த் திறந்து பார்க்கலாம்.

2020 இல் குன்னத்தில் ஏரி வண்டலைத் தோண்டியபோது வந்த உருண்டைக் கற்களை ஊர் முழுக்க டைனோசர் முட்டை என்று படம் பிடித்தது. அவை அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரிகளைச் சுற்றித் திரண்ட சுண்ணக் கட்டிகள். எடுத்து உடைத்துப் பார்க்க முடிந்ததால் ஒரு வாரத்தில் உண்மை தெரிந்தது.

இந்தக் கருத்தரங்கில் புதிய கண்டுபிடிப்புகள் பற்றிப் பல கட்டுரைகள் இருக்கின்றன. ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கப்போகிறேன்: மாதிரி இப்போது எந்த அலமாரியில், எந்த எண்ணில் இருக்கிறது? பதில் இல்லாவிட்டால் கடுமையாகப் பேசுவேன், இப்போதே மன்னித்துவிடுங்கள்.

மன்னிப்பு கேட்கும் காரணம் ஒன்று உண்டு. அம்பத்தூர்க் களி ஒரு பிஸ்கட் டப்பாவில் இந்த மேசை மேல் இருக்கிறது. மேலே சீட்டு ஒட்டியிருக்கிறேன்: தெரு, தேதி, நிறம். ஆழம் என்ற இடத்தில் கேள்விக்குறி. நூற்றுப்பத்து அடியா, நூற்றுமுப்பதா என்று அன்றே குறித்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் கழித்து லாரிக்காரருக்கு போன் செய்தேன். "எந்த வீடு சார்?" என்றார்.

டப்பாவைத் தேநீர் இடைவேளையில் திறந்து பார்க்கலாம். மூடியைத் திருப்பி மூடிவிடுங்கள். முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.