நம் சீமையின் மோகன வர்ணம்



சிக்கலில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். ராகங்களைப் பற்றியும் சாதகத்தைப் பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கிடைத்த நேரத்தில் 72 மேளகர்த்தா ராகங்களையும் தொட்டுவிட்டு ஓட எனக்கு மனமில்லை. ஒரே ஒரு வர்ணத்தை எடுத்துக்கொள்கிறேன். மோகன ராகம், ஆதி தாளம், ‘நின்னுக்கோரி’.

பெயரைச் சொன்னதுமே உங்களில் பலருக்கு 1988-இல் வந்த ‘அக்னி நட்சத்திரம்’ படப்பாட்டு காதில் ஒலித்திருக்கும். இளையராஜா இசையில் சித்ரா பாடியது. அந்தப் பாட்டின் எடுப்புக்கு மூலம் இந்த வர்ணம்தான். இதை இயற்றியவர் ராமநாதபுரம் சீனிவாச ஐயங்கார். பூச்சி ஐயங்கார் என்றால் பழைய ரசிகர்களுக்குச் சட்டென்று புரியும். 1860-இல் பிறந்தவர். பாண்டித்துரைத் தேவரின் ஆதரவில் பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் குருகுலமாக இருந்து கற்று, ராமநாதபுரம் சமஸ்தான வித்துவானாக விளங்கினார். 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவரும் அதே தேவர்தான். இப்படித் தமிழையும் சங்கீதத்தையும் ஒருசேர வளர்த்தது ராமநாதபுரமாகிய நம் சேது சீமை. இந்தச் செய்தி நம் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, வர்ணத்துக்கு வருகிறேன். மோகனத்தில் ஐந்தே சுரம்: ச, ரி, க, ப, த. மத்திமமும் நிஷாதமும் கிடையாது. ‘வரவீணா’ கீதத்திலேயே பிள்ளைகள் இந்த ராகத்தைப் பார்த்துவிடுகிறார்கள். ஆகவே வர்ணம் சுலபமாக வந்துவிடும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அங்கேதான் பாடு தொடங்குகிறது.

என்னிடம் ஒரு பெண் பிள்ளை வருகிறாள். அப்பாவுக்கு வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை. அவர் விடியுமுன் கிளம்பும்போதே இவளும் எழுந்துவிடுவாள். பள்ளிக்கூடம் போகுமுன் என் வீட்டில் சுருதிப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருப்பாள். நல்ல கணீர்க் குரல். ஆனால் காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்குப் போகும்போது நடுவில் மத்திமத்தின் நிழல் விழுந்தது. அவளுக்கு அது கேட்கவே இல்லை. நானும் தப்பு என்று சொல்லவில்லை. வர்ணத்தை நிறுத்திவிட்டு ‘க, ப’ என்ற இரண்டு சுரத்தை மட்டும் பாடவைத்தேன். காந்தாரத்தில் மூச்சு முட்ட நின்று, பிறகு நேரே பஞ்சமம். அடுத்து அகாரத்தில் அதையே. நாள் கணக்கில் இதுதான் பாடம். ஒரு காலை, பாடிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தி, “சார், இப்ப நடுவுல ஒண்ணு வந்துச்சு” என்றாள். நேயர்களே, சாதகம் என்று நான் சொல்வது இதைத்தான். தொண்டை பழகுவது அதில் பாதி. தன் பிழை தன் காதுக்கே எட்டுவது மறுபாதி. அது வந்துவிட்ட பிள்ளைக்கு ஆசிரியர் பக்கத்தில் இல்லாவிட்டாலும் பாடம் நடக்கும்.

இன்னொரு பையன் சினிமாப் பாட்டைக் கேட்டே பல்லவியை மடமடவென்று பாடிக்கொண்டு வந்தான். கேட்கவும் நன்றாகத்தான் இருந்தது. தாளம் போட்டு முதல் காலத்தில் பாடச் சொன்னேன். ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டும் வீச்சும் இரண்டு முறை: ஆக எட்டு எண்ணிக்கை. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் நாலு சுரம். இரண்டாவது ஆவர்த்தனம் வருவதற்குள் கை குரலை இழுத்துக்கொண்டு ஓடியது. வேகம் எல்லோருக்கும் பிடிக்கும். நிதானத்தில்தான் ஆள் தெரியும். முதல் காலத்தில் கமகம் ஒவ்வொன்றும் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் இரண்டாம் காலம். அப்போதும் கையின் வேகம் மாறக்கூடாது. எண்ணிக்கைக்கு எட்டு சுரம் வந்து விழவேண்டும். உப்பங்காற்றில் ஆடும் படகில் நின்றபடி வலை இழுப்பவரின் கால் மாதிரி, தாளம் போடும் கை அசையாமல் நிற்கவேண்டும். இப்போது அந்தப் பையன் முதல் காலத்தை விரும்பிப் பாடுகிறான்.

இந்த வர்ணத்தில் சாகித்தியம் கொஞ்சம்தான். முத்தாயி சுரமும் சிட்டை சுரங்களும்தான் அதிகம். மோகனம் எங்கெங்கே நிற்கும், எங்கே வளையும், மேல் ஸ்தாயியில் எதுவரை போகும் என்பதெல்லாம் அந்தச் சுரக் கோவைகளுக்குள் இருக்கிறது. அவற்றை ஊறப்போட்ட பிள்ளைக்குப் பிற்பாடு ஆலாபனை தொடங்கும்போது பிடிக்குப் பஞ்சமே வராது. இதே ஐயங்காருக்குக் கானடாவில் அட தாள வர்ணம் ஒன்று உண்டு. அதைப் பேச இன்னொரு நாள் வேண்டும்.

பூச்சி ஐயங்காருடைய சீடர்தான் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். இன்று நாம் கேட்கும் கச்சேரி முறைக்கு உருவம் கொடுத்தவர், வர்ணத்தில் தொடங்கிக் குரலையும் சபையையும் ஒன்றாகச் சூடேற்றியவர். நம் சீமையின் பெருமை அதோடு முடியவில்லை: பாடகர் மதுரை டி.என்.சேஷகோபாலனுக்குச் சொல்லிக்கொடுத்த சி.எஸ்.சங்கரசிவமும், மிருதங்க மேதை முருகபூபதியும் ராமநாதபுரம் தந்த சகோதரர்கள். சொல்ல நிறைய இருக்கிறது, மணி ஆகிவிட்டது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். “வர்ணம் எப்போது முடியும், கீர்த்தனை எப்போது ஆரம்பிக்கும்?” என்று பாட்டு வாத்தியாரை நெருக்காதீர்கள். காலையில் அரை மணி நேரம் வீட்டில் தொலைக்காட்சியை நிறுத்திவையுங்கள். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் தாளம் போடுங்கள். கடற்கரைக் கிராமங்களிலிருந்து இன்னும் நிறையப் பிள்ளைகள் ஆசையோடு பாட வரவேண்டும். சிக்கல் பக்கம் வந்தால் என் வீட்டுக் கதவு திறந்தேயிருக்கும்.