கைபேசி கையில், பெஞ்சு எங்கே?

(கண்ணமங்கலத்தில் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



அம்பேத்கரின் ‘சாதியை அழித்தொழித்தல்’ நூலை நான் முதலில் படித்தது கைபேசியில்தான். 1936இல் லாகூர் மாநாட்டுக்காக அவர் எழுதிய உரை அது. உரைக்குப் பயந்து மாநாட்டையே ரத்து செய்தார்கள். இன்று, அவர் படித்த கொலம்பியா பல்கலைக்கழகமே அதை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஊர் நூலகத்தில் கிடைக்காத புத்தகம் உள்ளங்கைக்கு வந்தது சின்ன விஷயமல்ல.

ஆனால், கைபேசியே பள்ளிக்கூடமான கொரோனா காலத்தையும் பார்த்தோம். 2021 ஆகஸ்டில், வசதி குறைந்த குடியிருப்புகளில் ‘ஸ்கூல்’ ஆய்வு நடந்தது. இணையவழியில் தொடர்ந்து படித்தவர்கள், கிராமப்புறப் பட்டியலின, பழங்குடிக் குழந்தைகளில் 4 விழுக்காடு. மற்ற கிராமக் குழந்தைகளில் 15 விழுக்காடு.

தறி ஓடும் இந்த வட்டாரத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. வீட்டுக்கு ஒரே கைபேசி. அது வேலைக்குப் போகும் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும். இரவில் முதலில் அண்ணன் கைக்குப் போகும். தங்கையிடம் வரும்போது டேட்டா தீர்ந்திருக்கும்.

இன்று கைபேசிகள் பெருகிவிட்டன. அம்பேத்கரை நாம்தான் தேடிப் போக வேண்டும். சாதிப் பெருமை ரீல்ஸோ தேடாமலே வந்து நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஊர்த்தெருப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார வாய்ப்புள்ள இடம் அரசுப் பள்ளிதான். கைபேசி அவரவரை அவரவர் தெருவிலேயே உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறது.

கைபேசியில் படிப்போம், தோழர்களே. அதைக் காட்டி யாராவது ஆசிரியரையும் நூலகத்தையும் குறைக்க வந்தால், அந்தக் கைபேசியிலேயே படித்த அம்பேத்கரோடு எதிர்த்து நிற்போம்.

ஜெய் பீம்!